மீராலெவ்வை காக்கா அறுத்த மூச்சு வேர்கள்

மறைக்க வழி இருந்தும், எங்கள் பிழையையே முதலில் காட்ட வேண்டும் என்று மீராலெவ்வை காக்கா ஏன் பிடிவாதமாக நின்றார்? அவர் மௌத்தாகி அடக்கமான செய்தி சென்ற வெள்ளிக்கிழமை கல்முனைக்கு வந்தது முதல் இதையே யோசிக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். கோமாரியில் கடலோர உப்புநீர்க் களப்பின் கரையை இயற்கைப் பூங்காவாக ஒதுக்கித் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தோம். அதே நிலத்தை இறால் குளங்களுக்குக் கேட்டவர்களும் இருந்தார்கள். தாவரவியல் படித்த ஆசிரியை என்பதால் விண்ணப்பம் எழுதுவது என் வேலை. ஆட்களைத் திரட்டுவது, ஊரே அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்ட அந்த விவசாயியின் வேலை. வயல் வேலை ஓய்ந்த நாட்களில் பன்னிரண்டு விவசாயிகள் கூலியில்லாமல் வந்தார்கள். இது நீடிக்காது என்று நினைத்தேன். நீடித்தது.

விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி பார்வையிட வருவதற்கு முந்திய நாள், இடத்தைத் துப்புரவாக்கவென்று அவர்கள் கண்ணா என்னும் அலையாத்தி மரங்களின் அடியில் இறங்கினார்கள். சேற்றிலிருந்து பென்சில்கள்போல் நிமிர்ந்து நின்றவற்றை, வயலில் களை எடுக்கும் ஒழுங்கோடு, ஒன்று விடாமல் அறுத்திருந்தார்கள். அவை சேற்றுக்கு மேலே காற்றை இழுக்கும், அந்த மரங்களின் மூச்சு வேர்கள்; அறுத்தால் மரம் பட்டுப்போகலாம். பின்னேரம் போய் நான் அதைச் சொன்னேன். கத்தியைக் கழுவிக்கொண்டிருந்த காக்கா கேட்டார்.

“மரம் மூக்க மேல நீட்டிக்கிட்டு நிக்கிதெண்டு முன்னுக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, ரீச்சர்?”

விண்ணப்பத்தில் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன், ஆங்கிலத்தில்.

வடக்குப் பக்கமாக அதிகாரியைக் கூட்டிப் போனால் வெட்டிய இடம் கண்ணில் படாது என்றேன். காக்கா மறுத்தார். நிலம் இறால்காரருக்குப் போய்விடும் என்றேன்.

“நாமதான் இத பாக்கப்போறம் எண்டு கேக்கிறம். பாக்கத் தெரியாம வெட்டினதையும் காட்டத்தான் வேணும்.”

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதைத்தான். எந்த அறிக்கை எழுதினாலும் எங்கள் பிழையை முதற் பக்கத்தில் எழுதுகிறேன், தமிழிலும் எழுதுகிறேன். அதனால் எப்போதும் நன்மை விளைந்தது என்று சொல்லமாட்டேன்.

மறுநாள் நடந்தது இது. காக்கா அதிகாரியை நேரே வெட்டிய இடத்துக்குக் கூட்டிப் போய், “இது எங்கட வேல” என்றார். இந்த வருடம் பரிந்துரைக்க முடியாது, அடுத்த வருடம் மரங்கள் உயிரோடு நின்றால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார். காக்கா லுஹர் என்னும் நண்பகல் தொழுகையை முடித்துவிட்டு வந்து, சாரத்தை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்கினார். மற்றப் பன்னிரண்டு பேரும் இறங்கினார்கள். களப்போரத்தில் முளைத்திருந்த கண்ணாக் கன்றுகளைப் பிடுங்கி வந்து, எங்கே ஊன்றுவது என்று கேட்டார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிக் காட்டினேன். பொழுது சாயும்வரை நட்டோம்.