ஜோஸ்லின் வாங்கிய பூஜ்யம்

அமராவதிபுதூர்ப் பக்கம் எங்கள் பள்ளி. யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு டேப்லெட்டில் ஆப் போட்டு வாசிப்பு சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய புதிது. ஒரு நாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே ஜோஸ்லினின் அம்மா பிலோமினா போனும் கையுமாக வகுப்பு வாசலில் வந்து நின்றார். பிள்ளை வகுப்பில் தொடுவதெல்லாம் சாயங்காலம் பெற்றோர் போனுக்கு ரிப்போர்ட்டாகப் போய்விடும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு.

"என்ன மிஸ், எம்புள்ளைக்கு மட்டும் ஒரு பச்சைகூட இல்ல? தெனமும் பூஜ்யம். நானும் அடிச்சுப் பாத்துட்டேன். அழுகுறா, மறுநாளும் அதேதான் வருது. இன்னொரு வருசம் யு.கே.ஜி.யிலயே போட்ருவீகளா?"

அடித்தேன் என்று அவர் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அவர் பயம் நியாயமானதுதான். பச்சை வராத பிள்ளைகளை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பக் கூடாது என்று தாளாளர் சொல்லியிருந்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர் அவர்.

உடனே தாளாளரிடம் போய், "கரும்பலகையில எழுதுனா முதல்ல வாசிக்கிறதே ஜோஸ்லின்தான் சார்" என்றேன்.

"நீங்க பாசத்துல சொல்றீக. மெஷினுக்கு ஏது மிஸ் பாசம்?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அன்று மதியம் ரிப்போர்ட்டைத் திரும்பப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே நாலு சொல் வரும், அதில் சரியானதைத் தொட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூட எப்போதாவது ஒன்று சரியாக விழுந்துதானே தீரும்? இந்தப் பிள்ளைக்கு ஒன்றுகூட விழவில்லையே!

மறுநாள் தாளாளரையும் பிலோமினாவையும் வகுப்புக்கே வரச் சொன்னேன். ஜோஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்து டேப்பை அவள் கையில் கொடுத்தேன். மாம்பழம் படம் வந்தது. அவள் 'மரம்' என்ற சொல்லைத் தொட்டாள். திரையில் ஏணி மேல் நின்ற கரடி தொபுக்கடீரென்று விழுந்து, பின்பக்கத்தைத் தடவிக்கொண்டது. ஜோஸ்லின் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பாப்பா, மாம்பழம்னு எங்குட்டு எழுதியிருக்கு?"

திரையில் விரல் படாமல் சரியான சொல்லைக் காட்டினாள்.

"அப்ப ஏன் அதைத் தொடல?"

"அதத் தொட்டா சும்மா கைதட்டிட்டுப் போயிரும் மிஸ். கரடி விழுகாது."

தாளாளருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேறு நாலைந்து படங்களுக்கு அவரே கேட்டுப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் விரலைச் சரியாக நீட்டினாள். "ஒண்ணாம் வகுப்புக்கே அனுப்பிருங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிலோமினா சிரிக்கவில்லை. "இதுக்காடி அம்புட்டு அடி வாங்குன? எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கவே இல்லையேம்மா."

பிலோமினா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

புதிதாக வருகிற டீச்சர்களுக்கு நான் சொல்வது இதுதான். பாதி சரி, பாதி தப்பு என்று வாங்கும் பிள்ளைக்கு இன்னொரு தடவை பாடம் நடத்துங்கள். பூஜ்யம் வாங்கும் பிள்ளையிடம் முதலில் ஏன் என்று கேளுங்கள்.