சைப்ரஸ் போக ஒரு கடிதம்

2009-இல் சைப்ரஸ் தீவில் ஒரு கடலோர விடுதியைத் தேர்ந்தெடுக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அறையில் டிவி கிடையாது, குழந்தைகளுக்கு அனுமதி கிடையாது, காலையில் யோகா, மாலையில் மசாஜ். என் கணவர் நான்கு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. சத்தமில்லாத இடத்தில் பத்து நாள் இருந்துவிட்டு வரச் சொன்னார் டாக்டர். ஊருக்குப் போகலாம்தான். ஆனால் நலம் விசாரிக்க வரும் சொந்தக்காரர்களே அவரைப் படுக்கவைத்துவிடுவார்கள்.

அவர் ஏன் தூங்கவில்லை என்பது வளைகுடாவில் நாங்கள் குடியிருந்த முவைலா கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். கட்டுமான வேலைகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. எதிர்வீட்டுக்காரர் லீவு முடிந்து டியூட்டிக்குப் போன அன்றே கையில் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். ஒரே மாதத்தில் வீடு காலி.

"இப்பப் போய் லீவு கேட்டா, நானே கழுத்த நீட்டுற மாதிரி" என்றார் இவர்.

"உயிரு இருந்தாத்தானே வேலை?" என்று கத்தினேன். எனக்கும் பயம்தான். பயந்தால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

அங்கே எல்லோருடையதையும் போல இவர் பாஸ்போர்ட்டும் கம்பெனி அலமாரியில் இருந்தது. விசாவுக்குக் கம்பெனிக் கடிதமும் வேண்டும். இன்னார் எங்களிடம் இன்ன வேலையில், இன்ன சம்பளத்தில் இருக்கிறார், விடுமுறை முடிந்து மீண்டும் பணியில் சேருவார். யார் கேட்டாலும் இதையேதான் அடித்துக் கொடுப்பார்கள். என் நச்சரிப்பு தாங்காமல்தான் போய்க் கேட்டார்.

ஒரு வியாழக்கிழமை மதியம் பாஸ்போர்ட்டையும் கடிதத்தையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எடுத்துப் படித்தேன். பெயர், பதவி, சம்பளம் எல்லாம் இருந்தன. மீண்டும் பணியில் சேருவார் என்ற வரி மட்டும் இல்லை.

"டைப் பண்றவன் விட்டிருப்பான். போன் போட்டுக் கேளுங்க."

"அங்கயே கேட்டுட்டேன். அந்த வரிய மட்டும் எழுத வேணாம்னு மேனேஜர் சொல்லிட்டாராம்."

நான் பிடித்துத் தள்ளித்தானே போய்க் கேட்டார்.

அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. நான்கு மாதத்தில் முதல் தடவையாக, அடித்துப் போட்ட மாதிரி மாலை வரை தூங்கினார். எங்கே விழித்துவிடுவாரோ என்று பயந்தபடி நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.