இடது பக்க முன்சீட்டு

திருவண்ணாமலை சின்னக்கடைத் தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் திருமலையிடம் கண் காட்டப் போகிறவர்கள், கையில் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்துக்கொண்டு போவது நல்லது. சோதனைக் கண்ணாடியை மூக்கில் மாட்டிவிட்டு, "கடைசி வரி தெரியுதுங்களா?" என்று கேட்பார். நாம் வாயைத் திறப்பதற்குள், "வெளிய நிக்கிற வெள்ள வண்டி உங்களுதா? டயர் எப்ப மாத்துனீங்க?" என்று ஆரம்பித்துவிடுவார். அதோடு நம் கண் இரண்டும் அவருக்கு மறந்துபோகும். எந்தக் கம்பெனி எந்த மாடலை நிறுத்தப் போகிறது, மோதல் சோதனையில் எந்த வண்டிக்கு எத்தனை நட்சத்திரம், நாலு மீட்டருக்குள் அடங்கும் வண்டிக்கு ஏன் வரி கம்மி, பதினைந்து வருஷ வண்டிக்கு எஃப்.சி. காட்டுவது லாபமா நஷ்டமா, எல்லாம் நம் காதில் வந்து விழும். கண்ணாடி மறுநாள் கிடைக்கும்.

ஆனால் மனிதர் சொன்னால் சரியாக இருக்கும். அதனால்தான் கீழ்பென்னாத்தூர் நெல் வியாபாரியில் இருந்து கலெக்டர் ஆபீஸ் ஊழியர் வரை, கார் எடுக்க நினைப்பவர்கள் முதலில் அவர் கடைப் படியைத்தான் மிதிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்குத் தனி சபை உண்டு. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு டீக்கடை. பக்தர்களை ஏற்றி வேன் ஓட்டும் அருணகிரி, வங்கியில் வேலை பார்க்கும் முருகவேல், செல்போன் கடை ராஜா, நடுவில் திருமலை. டீ ஆறும் வரை பேச்சு, ஆறின டீயைக் குடித்துவிட்டு மறுபடி பேச்சு.

"இனிமே எல்லாம் கரண்ட்டு வண்டிதாண்ணா. டீசலுக்கு நாள் எண்ண வேண்டியதுதான்" என்பான் ராஜா.

"தீபத்தன்னிக்கு செங்கம் ரோட்டுல வந்து நெரிசல்ல நின்னு பாரு. அப்பால சொல்லு கரண்ட்டுன்னு" என்று அருணகிரி பாய்வான்.

"நிக்கிறப்போ அதுல சார்ஜு கம்மியாத்தான் எறங்கும்பா. சும்மா நின்னாலும் எரியறது உன் டீசலுதான்" என்று திருமலை தீர்ப்பு சொல்வார். தீர்ப்புக்கு மேல் அப்பீல் கிடையாது.

அவர் பேச்சை அந்த மூன்று பேரும் கேட்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான். பின் சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட் போட வேண்டும் என்று சட்டத்தைச் சொல்லி, விபத்துப் படங்களைக் காட்டி, கெஞ்சியும் பார்த்துவிட்டார். "மலைய சுத்தத்தானேண்ணா போறோம், மெட்ராஸுக்கா போறோம்?" என்று முருகவேல் காலை நீட்டிக்கொள்வான். அதில் மட்டும் அவருக்குத் தீராத மனத்தாங்கல்.

சபைக்கு ஒரு வழக்கம் இருந்தது. நால்வரில் யார் வண்டி எடுத்தாலும், பூஜை போட்ட கையோடு நாலு பேரும் அதில் மலையை ஒரு சுற்று வர வேண்டும். வண்டிக்குச் சொந்தக்காரர்தான் ஓட்ட வேண்டும். இடது பக்க முன்சீட்டு எப்போதும் திருமலைக்கு. அங்கே உட்கார்ந்துகொண்டு, "கியர எறக்கு, இஞ்சின் முக்குது பாரு", "கிளட்ச் மேல கால வெச்சிக்கினே ஓட்டாதே, தேஞ்சிடும்" என்று ஓட்டுபவன் உயிரை எடுப்பார். இத்தனை பேசுகிற மனிதர் ஏன் ஒரு மொபெட்டிலேயே வந்து போகிறார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நம் ஊர்த் தெருவில் மொபெட்தான் சௌகரியம் என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள். அவரும் அதை மறுக்கவில்லை.

விஷயம் இதுதான். திருமலைக்குக் கார் ஓட்டத் தெரியாது.

இளவட்டமாக இருந்தபோது ஒரு தடவை லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனார். பின்னால் எடுக்கச் சொன்னார்கள். முதலில் அடையாளத்துக்கு நட்டிருந்த கம்பு விழுந்தது. அடுத்து, இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி விழுந்தது. மனிதர் டீ கிளாஸோடு எழுந்து குதித்ததால் பிழைத்தார், வெள்ளைச் சட்டைதான் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டாலே திருமலையின் உள்ளங்கை ஈரமாகிவிடும். இது அவர் மனைவி மணிமொழிக்கு மட்டுமே தெரியும். சபைக்குத் தெரிந்தால் அந்த டீக்கடைப் பெஞ்சில் இனி எந்த முகத்தோடு உட்காருவது? அந்த ஞாயிற்றுக்கிழமைகளை இழந்துவிடுவோமோ என்பதுதான் அவருக்கு உண்மையான பயம்.

போன வருஷம் சின்னக் கார்களுக்கு வரி குறைந்தது. ஊர் முழுக்க அந்தச் செய்தியைப் பரப்பியவர் திருமலை. கீழ்பென்னாத்தூரில் டீச்சர் வேலை பார்த்துக்கொண்டு, தினமும் பஸ்ஸில் நின்றே போய்வரும் மணிமொழி ஒருநாள் கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் கொறஞ்சிடுச்சி. நமக்கு எப்பங்க கொறையும்?"

"ஓட்டுறது யாரு?"

"நான். கோடை லீவுலயே லைசென்ஸ் வாங்கிட்டேன். உங்ககிட்ட சொன்னா ஏர்பேக்ல இருந்து ஆரம்பிப்பீங்கன்னுதான் சொல்லல."

அப்புறம் அவர் வண்டி தேர்ந்தெடுக்க உட்கார்ந்தார். ஒன்றுக்கு டிக்கி சிறிசு, ஒன்றுக்கு நட்சத்திரம் கம்மி, இன்னொன்றுக்குப் புது மாடல் வரப்போகிறதாம். மணிமொழி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மாலை ஷோரூமுக்குப் போய் ஒரு சிவப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்தாள். சாயாமல் நின்றது. புக் செய்துவிட்டாள். வண்டியை அவர் பெயரில்தான் எழுதினாள். "இத்தன வருஷமா ஆசப்பட்டவர் பேர்லயே இருக்கட்டும்" என்றாள். திருமலை அந்த வண்டியில் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. அபூர்வமான சம்பவம் அது.

செய்தி டீக்கடைக்குப் போனதும் அருணகிரி துள்ளினான். "எத்தன வண்டியில பக்கத்துல உக்காந்து எங்கள வாட்டுனீங்க! வர்ற ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயிறு நாங்க பின்னாடி உக்காந்து வாட்டுறோம் பாருங்க!"

திருமலை வீட்டுக்கு வந்து வண்டி பழகுவதற்கான எல்.எல்.ஆர். தேர்வைக் கம்ப்யூட்டரில் எழுதினார். எல்லாக் கேள்விக்கும் சரியான பதில், அதில் என்ன ஆச்சரியம். பிறகு மைத்துனன் செழியனின் பழைய வண்டியை வாங்கிக்கொண்டு, வேங்கிக்காலில் இன்னும் வீடு எழும்பாத மனைகளுக்கு நடுவில் மணிமொழி பாடம் எடுத்தாள். வண்டி விக்கல் எடுத்தவன் மாதிரி குலுங்கிக் குலுங்கி நின்றது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் முதல் நாள் ஓடின, இரண்டாம் நாள் நின்று வேடிக்கை பார்த்தன.

"கிளட்ச்ச மெதுவா உடுங்க! மெதுவான்னா மெதுவா!"

"எந்த எடத்துல புடிக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும்டி."

"உங்களுக்குத் தெரியுது. உங்க காலுக்குத் தெரியலியே!"

அந்த ஞாயிறும் வந்தது. வேங்கிக்காலில் வீட்டுப் பக்கத்துப் பிள்ளையார் கோயில் முன்னால் சிவப்பு வண்டி மாலையோடு நின்றது. மணிமொழிதான் ஷோரூமிலிருந்து ஓட்டி வந்திருந்தாள். குருக்கள் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, ஆரத்தித் தட்டோடு ஒதுங்கி நின்றார். மூன்று நண்பர்களும் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார்கள். திருமலையின் உள்ளங்கை நனைந்துவிட்டது.

அருணகிரி அவர் முகத்தைப் பார்த்தான். "இன்னாண்ணா, ஒடம்பு சரியில்லியா? முதுகு புடிச்சிக்கிச்சா? சாவியக் குடுங்க, இன்னிக்கு நான் எடுக்கறேன்."

எவ்வளவு சுலபமான வழி! ஆமாம்பா, முதுகுதான் என்று சொன்னால் முடிந்தது. சாவி பாதி தூரம் நீண்டும்விட்டது. மணிமொழி மாலையின் முடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்தாள். திருமலையை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் இன்று முதுகு வலித்தால், இனி எத்தனை ஞாயிற்றுக்கிழமை வலித்தாக வேண்டும்!

சாவியை இழுத்துக்கொண்டார். சட்டைப் பைக்குள் கைவிட்டு இரண்டு ஸ்டிக்கர்களை எடுத்தார். வெள்ளையில் சிவப்பு எழுத்து. ஒன்றை முன்னால் ஒட்டினார், சுற்றிப் போய் ஒன்றைப் பின்னால் ஒட்டினார்.

"இன்னாண்ணா இது?" என்றான் ராஜா.

"எல் போர்டு. எனக்கு ஓட்டத் தெரியாதுப்பா. இப்பதான் கத்துக்கறேன்."

அருணகிரி கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். "கிளட்ச் தேயுது, கிளட்ச் தேயுதுன்னு மூணு வருஷமா என் உயிர எடுத்தது நீங்கதானே?"

"தேஞ்சிதா இல்லியா?"

"தேஞ்சிது."

"அப்புறம் இன்னா?"

ராஜா பழக்கதோஷத்தில் இடது பக்க முன்கதவை அவருக்காகத் திறந்து பிடித்தான். "அது அவங்க எடம். லைசென்ஸ் உள்ளவங்க பக்கத்துல உக்காரணும், ரூல் அது" என்று சொல்லிவிட்டுத் திருமலை வலது பக்கம் ஏறினார். மணிமொழி ராணி மாதிரி இடது பக்கம் ஏறினாள்.

வண்டி ஒரு முறை துள்ளியது. மூன்று பழங்கள் நசுங்கின. நாலாவது எகிறிப்போய்க் குருக்கள் காலடியில் உருண்டது. அவர் தட்டோடு இரண்டு படி மேலே ஏறிக்கொண்டார். இன்ஜின் நின்றுபோனது.

திருமலை ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். "பயமா இருந்தா வந்த பைக்குலயே பின்னாடி வாங்கப்பா. நான் ஒண்ணும் தப்பா நெனச்சிக்க மாட்டேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அருணகிரிதான் முதலில் எழுந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின் சீட்டில் ஏறி நகர்ந்து உட்கார்ந்தான். முருகவேல் ஏறினான், ராஜா ஏறிக் கதவைச் சாத்தினான்.

பெல்ட் போடாவிட்டால் புது வண்டி கூவும். அது கூவுவதற்கு முன்பே பின்னாலிருந்து டக் என்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்து ஒரு டக், அதற்கடுத்து இன்னொரு டக்.

திருமலை மேல்கண்ணாடியில் பார்த்தார். மூன்று பேரும் மார்புக்குக் குறுக்கே பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார்கள். எத்தனை வருஷம் தொண்டை வறளச் சொல்லியும் நடக்காதது! அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"போலாம்ண்ணா" என்றான் அருணகிரி. "கிளட்ச்ச மெதுவா உடுங்க."

"அத நான் சொல்லணும்" என்றாள் மணிமொழி.