நான் போகாத முப்பத்தொரு குளிர்காலம்

குளிருன்னா எனக்கு ஆகாது. கல்யாணமான மறுவருசமே அவருகிட்டக் கறாராச் சொல்லிட்டேன், "ஏலத்தோட்டம் ஒங்களோட இருக்கட்டும். ஐப்பசியில இருந்து தை வரைக்கும் என்னை மலையேறச் சொல்லாதீங்க"ன்னு. காய் எடுக்கிற மாசமெல்லாம் அவரு போடிமெட்டுக்கு மேல, நான் போடியில. வருசா வருசம் ஜீப்புல ஏறுறப்ப, "இந்தக் குளிருக்காச்சும் வர்றியா?"ம்பாரு. "எனக்கு வேற சோலி இல்லையா?"ம்பேன். முப்பத்தொரு வருசம் இதே கேள்வி, இதே பதில். போன மாசியில நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனவரு திரும்பி வரல.

மக அயர்லாந்துல நர்சா இருக்கா. ஐப்பசியில ஒருநாள் போன்ல ஒரு சங்கதி சொன்னா. அவ குடியிருக்கிற வீட்டுக்காரம்மா அந்த நாட்டுப் பூர்வீகக் கெல்டிக் சனங்களோட பழைய வழக்கமெல்லாம் விடாமப் பாக்குறவங்களாம். அறுப்பு முடிஞ்சு இருட்டுக் காலம் தொடங்குற நாள்தான் அவங்களுக்கு வருசப் பொறப்பாம். அன்னைக்குச் சன்னல்ல வெளக்கு வச்சு, செத்தவங்களுக்கும் ஒரு தட்டுப் போட்டு, கூடவே உக்காந்து பேசாமச் சாப்பிடுவாங்களாம். அப்புறம் குளிர் முடியிற மட்டும் அவசரமில்லாம வீட்டோட இருந்து, போனதை நெனைச்சுப் பாக்குறதாம். "நான் அப்பாவுக்கு ஒரு தட்டு வைக்கப் போறேம்மா. நீ எங்க வைக்கப் போற?"ன்னு கேட்டா.

"நாம அமாவாசைக்கு அமாவாசை வைக்காததா?"ன்னு வெடுக்குன்னு சொல்லிட்டேன். ஆனா 'எங்க'ன்னு அவ கேட்டது மனசுல தச்சிருச்சு. மறுநாள் கூலியாளுக போற ஜீப்புல நானும் ஏறி உக்காந்துட்டேன். டிரைவர் திரும்பித் திரும்பிப் பாத்தாரு. எங்க வீட்டுக்காரரு கேட்ட குளிர்ல ஒரு நாளையாச்சும் அவருக்குக் குடுத்துட்டு வந்துரணும், அம்புட்டுதான் என் எண்ணம். சாயங்காலம் என்னைய விட்டுட்டுப் போயிராதீங்கன்னு டிரைவர்கிட்டச் சொல்லி வச்சேன்.

மேல ஒரே பனிமூட்டம். காய் உலத்துற ஸ்டோரை ஒட்டுனதுதான் அவரு இருந்த அறை. ஸ்டோரைப் பாத்துக்கிறவ மலையிலயே பொறந்து வளந்தவ, பேச்சுல மலையாளம் எட்டிப் பாக்கும். நான் சோறு வடிச்சு, அவருக்குப் பிடிச்ச கருவாட்டுக் கொழம்பு வச்சேன். பொழுது சாய சன்னல்ல வெளக்கேத்தி, எலை போட்டுப் படைச்சேன். அப்புறம் கைப்பழக்கத்துல ஒரு பிடி சோத்தை வெளிய வச்சிட்டு, "கா, கா"ன்னு கூப்பிட்டுக்கிட்டே நின்னேன். காக்கா எடுக்காம நாம எப்படிக் கைய நனைக்கிறது? வெகுநேரம் நின்னேன். பனியில பக்கத்து மரமே தெரியல.

ஸ்டோர்க்காரி எட்டிப் பாத்துச் சிரிச்சுட்டா. "இருட்டுற மோந்திக்கு ஏதும்மா காக்கா? அதெல்லாம் அடைஞ்சிருக்கும். சாரமில்ல, ஒண்ணும் தப்பில்ல, நீங்க சாப்பிடுங்க."

அயர்லாந்து வழக்கத்தையும் நம்ம வழக்கத்தையும் ஒரே எலையில போட்டுக் கொழப்புனா இப்படித்தான் ஆகும்னு எனக்கே சிரிப்பு வந்துருச்சு. ஒடம்பு வேற வெடவெடங்குது. என் தட்டை எடுத்துக்கிட்டு, அவரு எலைக்கு எதுத்தாப்ல கெடந்த பெஞ்சுல உக்காந்தேன்.

"அங்க வேணாம்மா, செவுத்தோரம் தள்ளி இருங்க"ன்னா அவ. "அந்தச் செவுத்துல ஸ்டோர் அடுப்புச் சூடு எறங்கும். மொதலாளி மட்டும் அங்க உக்கார மாட்டாரு. 'அது எங்க வீட்டம்மாவுக்கு. வந்தா உக்காரணும்ல'ம்பாரு. நீங்க இப்ப இருக்கிற எடத்துலதான் வெறைச்சுக்கிட்டு இருப்பாரு."

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறைஞ்சா போயிருப்பீங்கன்னு எலையைப் பாத்துக் கேட்டேன். கேட்டதும் அழுகை முட்டிருச்சு. சொல்லியிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன். அதுதான் நெசம்.

செவுத்தோரம் தள்ளி உக்காந்தேன். முதுகுல சூடு ஏறுச்சு. பேசாம, ஒரு பருக்கை மிச்சமில்லாமச் சாப்பிட்டேன்.

கீழ ஜீப்புல ஆரன் அடிச்சாங்க. "நான் தையிலதான் எறங்குவேன்னு சொல்லிட்டு வந்துரு"ன்னு அவளை அனுப்புனேன்.