அவள் எழுதிய நெல் பட்டியல்

மயிலாடுதுறையில் நானும் அவளும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினோம். பக்கத்து அரிசி ஆலைக்கு அவள்தான் புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். லாரியில் வரும் நெல்லின் ரகம், ஈரப்பதம், மூட்டை எண்ணிக்கை எல்லாவற்றையும் அது சீட்டில் அடித்துத் தரும். ரகங்களின் பட்டியலைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தாள். “புது ரகம் வந்தா சொல்லுங்க, ரெண்டு நிமிஷத்துல சேர்த்துடலாம்” என்பாள். அந்த ஆவணியில் கல்யாணமாகி அமெரிக்கா போய்விட்டாள். நேரில் வாங்க போங்க என்றுதான் பேசுவேன். மனசுக்குள் மட்டும் எப்போதும் ‘அவள்’. எனக்கு அவளை அவ்வளவு பிடித்திருந்தது, கடைசிவரை சொல்லவில்லை.

அடுத்து வந்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள், எல்லாக் கடைகளையும் போல நானும் சுத்தம் செய்தேன். மானிட்டரைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். வெளியே மட்டும் துடைத்தால் போதுமா என்று, எனக்குப் புரியாத பெயரில் இருந்த ஃபோல்டர்களையெல்லாம் அழித்துத் தள்ளினேன். அவள் போய்விட்டாளே என்று கொஞ்சம் கோபமும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அவள் எழுதிய மூல நிரலும், அதை ஓடும் புரோகிராமாக மாற்றும் கருவிகளும் அவற்றில்தான் இருந்தன.

நாலைந்து வருஷம் கழித்து ஆலைக்கு ஒரு புது ரக நெல் வந்தபோதுதான் நான் எதை அழித்தேன் என்று தெரிந்தது. மிஞ்சியிருந்தது ஆலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரே ஒரு ஃபைல். “புதுசா ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க தம்பி, எதுக்கு மல்லுக்கட்டுறீங்க?” என்றார் ஆலை முதலாளி. நியாயம்தான். ஆனால் அவளுடையது என்று எனக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

ஓடும் ஃபைலைப் பிரித்து, கம்ப்யூட்டரின் அடிமட்ட மொழியான அசெம்ப்ளி வரிகளாக்கும் மென்பொருள் ஒன்றை இணையத்தில் தேடிப் பிடித்தேன். ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே பொன்னி, ஆடுதுறை என்று அவள் அடித்த பெயர்கள். கடைசியில் புதுப் பெயரைச் சேர்த்துவிட்டு, திரும்ப ஒன்றாக்கச் சொன்னால், அந்த வரிகளை மறுபடி கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றும் அசெம்ப்ளர் இல்லை என்றது. தேடிப் போட்டேன், அப்போதும் இல்லை என்றது. அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று நான் விண்டோஸுக்குச் சொல்லவேயில்லை என்பது அரை நாள் கழித்துத்தான் உறைத்தது. பிறகு துண்டுகளை ஒன்றாகக் கோக்கும் லிங்கர் இல்லை என்றது. அதையும் போட்டால், அவள் புரோகிராம் துணைக்கு எடுத்துக்கொண்ட ஆயத்த நிரல்களின் தொகுப்பான லைப்ரரி இல்லை.

எந்த லைப்ரரி என்று கேட்கிற சாக்கில் அவளுக்கு மெயில் போட்டேன். அழித்ததைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். நாளுக்குப் பத்து முறை மெயிலைத் திறந்து பார்த்தேன்.

எட்டாம் நாள் நானே லைப்ரரியைக் கண்டுபிடித்து, பிழையே இல்லாமல் புரோகிராம் ஒன்றானது. ஆலைக்கு எடுத்துப் போனேன். புது ரகத்தின் பெயர் சீட்டில் அவள் போட்ட கட்டத்துக்குள்ளேயே அழகாக விழுந்தது. அவளிடம் சொல்ல வேண்டும் என்று சென்டருக்கு ஓடிவந்தால், பதில் வந்திருந்தது.

“அய்யோ, அது இன்னுமா ஓடுது? எனக்கு சுத்தமா மறந்தே போச்சு. அழிஞ்சா என்ன, புதுசா எழுதிக்கோங்க.”

இரண்டு முறை படித்தேன். “சரிங்க, புதுசாவே எழுதிடறேன்” என்று பதில் போட்டேன்.

எழுதவில்லை. ஆலையில் அவளுடையதுதான் ஓடியது. ஒவ்வொரு குறுவை அறுவடைக்கும், வேலை எதுவும் இல்லாமலேயே, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.