ஒரு தரம் மட்டும் கேட்ட கடிதம்

நேற்று ட்வெய்ட்டாவில் ஒரு நோர்வேக்காரச் சிநேகிதி வீட்டில், கோப்பி வேண்டுமா என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் "யா தக்" என்றேன். ஆம், நன்றி என்று அர்த்தம். கேக்குக்கும் அதே பதில். பக்கத்திலிருந்த என் மகள் முழங்கையால் இடித்தாள். இடிக்கட்டும். அந்த இரண்டு சொல்லை நான் சும்மா பழகவில்லை.

கோப்பி மணம் வந்தாலே எனக்கு அந்தச் சன்னல் இல்லாத அறைதான் ஞாபகம் வரும். இரண்டாயிரத்தின் முதல் ஆண்டுகள். அம்மருட் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடங்களைத் தமிழில் விளங்கப்படுத்தும் வேலை. ஆசிரியர்களின் கோப்பி இயந்திரத்துக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அரைநாள் வேலை. முழுநாள் வேண்டுமா என்று நேர்முகத்தில் கேட்கத்தான் செய்தார்கள். உடனே ஓமென்றால் மரியாதையாக இருக்காது என்று "பரவாயில்லை" என்றேன். இன்னொரு தரம் கேட்பார்கள் என்று இரண்டு வருடம் காத்திருந்தேன். என் கெட்டித்தனம் அப்படி.

அந்த அறைக்கு வந்தவள்தான் சுஜனி. பதினொரு வயது. வன்னியிலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. விளையாட்டு முற்றத்தில் நோர்வேஜிய மொழியில் அழகாகச் சண்டை பிடிப்பாள். கணக்கு வகுப்பில் வாய் திறக்கமாட்டாள்.

"டீச்சர், கணக்கு விளங்குது. கேள்விதான் விளங்கேல்லை."

கேள்வியைத் தமிழில் சொன்னால் போதும். எனக்கு முன்னாலேயே விடையைப் போட்டுவிட்டுக் காலாட்டிக்கொண்டிருப்பாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கும்.

இந்தத் தமிழ் மணித்தியாலங்களுக்கு அரசு மானியம் கொடுத்தது. பெற்றோர் கேட்டால்தான் பள்ளிக்கூடம் அதற்கு எழுதிப்போடலாம். ஒரு வசந்தத்தில் வீடுகளுக்குக் கடிதம் போனது: அடுத்த வருடமும் உங்கள் பிள்ளைக்கு இந்த உதவி வேண்டுமா? பதினொரு தமிழ் வீடுகளில் ஒன்பதிலிருந்து "வேண்டாம்" என்று திரும்பி வந்தது. சுஜனி வீட்டிலிருந்தும்.

பள்ளிக்கூட அதிபர் தாள்களை என்னிடம் நீட்டினார். அவர் நல்ல மனுசி; அதுதான் இன்னும் எரிச்சல். பெற்றோருக்கு விருப்பமில்லாததை நாங்கள் திணிக்கக்கூடாது அல்லவா என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அன்று பின்னேரமே சுஜனி வீட்டுக் கதவைத் தட்டினேன். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார்.

"தேத்தண்ணி குடிக்கிறியளோ டீச்சர்?"

"வேண்டாம் அக்கா."

"சும்மா குடியுங்கோ."

"ஐயோ, வேண்டாம்."

தேத்தண்ணீர் வந்தது, வடையோடு. இரண்டாவது வடையைக் கடிக்கும்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது.

"அக்கா, அந்தக் கடிதத்திலை ஏன் வேண்டாமெண்டு எழுதினனீங்கள்?"

"கேட்ட உடனை ஓமெண்டால் எங்களைப் பறக்காவெட்டியள், காணாததைக் கண்டதுகள் எண்டு நினைக்கமாட்டினமே? திருப்பிக் கேப்பினம்தானே, அப்ப சொல்லுவம்."

"திருப்பிக் கேக்கமாட்டினம் அக்கா. இஞ்சை ஒருக்காத்தான் கேப்பினம்."

கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப என்ரை பிள்ளை?"

அந்த வார இறுதி முழுவதும் நானும் அவரும் மாடி மாடியாக ஏறினோம். எட்டு வீடு, எட்டுத் தேத்தண்ணீர், எல்லா வீட்டிலும் அதே கதை. திங்கட்கிழமை காலை அதிபரின் அறை வாசலில் ஒன்பது வீட்டுப் பெற்றோரும் நின்றார்கள். வேலை உடுப்போடு வந்தவர்களே அதிகம். திகதி முடிந்துவிட்டது என்று அதிபர் பொறுமையாக விளக்கினார். சுஜனியின் அம்மா முன்னால் வந்தார்.

"யா தக்."

அதிபர் விதிமுறையை விளக்கினார்.

"யா தக்."

வேறு அலுவலகம், வேறு பொறுப்பு என்று இன்னும் விளக்கினார். இந்த முறை ஒன்பது வீடும் சேர்ந்து சொன்னது. அதிபர் இழுப்பறையைத் திறந்து புதிய தாள்களை எடுத்தார். நான் அந்தச் சந்தர்ப்பத்தை விடாமல், எனக்கும் முழுநாள் வேலை வேண்டும் என்றேன். கிடைக்கவில்லை. ஆனால் கேட்டேன்.

சுஜனிக்கு அவளுடைய மணித்தியாலங்கள் கிடைத்தன. அடுத்த வருடம் முடிவதற்குள் கேள்வியையும் தானே வாசித்தாள், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

சில வருடங்களில் அந்த மானியம் இல்லாமல் போனது. தமிழ் மணித்தியாலங்கள் போயின, என் அரைநாள் வேலையும் போனது. அந்த அறையில் இப்போது தாள் பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்களாம். எங்கள் வாயிலிருந்த அந்த மரியாதை "வேண்டாம்" கூடப் போய்விட்டது. அதற்காக நான் வருந்தப்போவதில்லை. எனக்கு ஆறாதது வேறொன்று. மானியத்தை நிறுத்தட்டுமா என்று எங்களை ஒருவரும் கேட்கவில்லை. ஒரு தரம்கூட. கேட்டிருந்தால், அன்றைக்கு மனதார "வேண்டாம்" என்று சொல்லியிருப்போம், முதல் தரமே.