மாப்பிள்ளைமாரை ஏற்றப் போன லொறி

எண்பதுகளின் தொடக்கத்தில் கொழும்பில் வணிக முகாமைத்துவம் படித்துவிட்டுக் கல்முனைக்கு வந்தபோது, கொழும்புக் கொம்பனி ஒன்றின் ஆளணிப் பிரிவில் வேலை தயாராக இருந்தது. ஆள் சேர்ப்பது, லீவு பார்ப்பது, சண்டை தீர்ப்பது. அந்தக் கிழமைக்குள் சம்மதம் சொல்லவேண்டும். வாப்பா எனக்கு முன்பே சம்மதித்துவிட்டார். "எண்ட மகன் டை கட்டிப் போகப்போறான்" என்று தேத்தண்ணிக் கடை முழுக்கச் சொல்லியாயிற்று.

அதே மாதிரி வேலைக்கு, எங்கள் பக்கம் புதிதாக வந்த நெசவாலையிலும் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஒருக்காப் போய் மூஞ்சக் காட்டிட்டு வா. கூப்பிட்டவனுக்கு மரியாதை" என்றார் வாப்பா.

நெசவாலை முகாமையாளர் கொழும்புக்காரர். நான் கதிரையில் அமருமுன்பே குறைப்படத் தொடங்கினார்.

"தம்பி, பொடியன்களைப் பழக்கி எடுக்கிறம். கை நல்லா வந்ததும் காணாமப் போறாங்க. வீட்டுக்கு ஆளனுப்பினா, 'இங்க இல்லை' எண்டு பொய் சொல்றாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொய் இல்ல சேர். அவங்க கலியாணம் முடிச்சிட்டாங்க."

"அதுக்கு?"

எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்த ஆண், பெண் வீட்டில்தான் குடியிருப்பான். உம்மா வீட்டில் தேடினால் எப்படிக் கிடைப்பான்? தள்ளியிருக்கும் பாலமுனைக்கு மாப்பிள்ளையாகப் போனவன் முதல் பஸ்ஸில் வந்தாலும் ஆலை மணி அடித்துவிடும். பிந்தி வந்தவனை வாசலில் நிறுத்தி ஏசுவார்கள். அந்த ஏச்சு மாமியார் காதுக்கு எட்டுவதைவிட வேலையை விடலாம் என்று புது மாப்பிள்ளை வீட்டிலேயே நின்றுவிடுவான்.

இதைச் சொன்னதும் அவர் பேனையை மூடினார். "இப்ப என்ன செய்யலாம்?"

"முத்தத்தில நூல் ஏத்துற லொறி ஒண்டு கண்டன். காலையில சும்மாதானே நிக்கிது? அனுப்புங்க சேர். நானும் போறன்."

மறுநாள் அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு பாலமுனையில் ஒரு வீட்டு வாசலில் லொறி நின்றது. மாப்பிள்ளை வெட்கத்தில் கதவுக்குப் பின்னால் நிற்க, மாமியார் வெளியே வந்தார்.

"ஆரு மகன் நீங்க?"

"நெசவாலையில இருந்து, மாமி. உங்கட மருமகனக் கூட்டிப்போக."

அவர் லொறியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கத்து வேலிக்கும் கேட்கக் குரல் கொடுத்தார்: "மருமகன், கெதியா வாங்க! உங்களுக்குக் கொம்பனி வாகனம் அனுப்பிரிக்கி!" என் பக்கம் குனிந்து, "நல்ல வேளை வந்தீங்க. இவர் ஊட்டுக்குள்ளயே சுத்துறதுல எண்ட கோழியெல்லாம் இவருக்குப் பின்னால திரியுது" என்றார்.

திரும்பும் வழியில் நிந்தவூரிலும் சிலர் ஏறினார்கள். ஆலை வாசலில் முகாமையாளரே காத்து நின்றார். அன்று யாருக்கும் ஏச்சு விழவில்லை. எல்லாரும் உள்ளே போனபின், "இந்த வேலை உங்களுக்குத்தான் தம்பி" என்றார். அந்த இடத்திலேயே ஓம் என்றேன். என் படிப்புக்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று எந்த வகுப்பிலும் எனக்குத் தோன்றியதில்லை.

வாப்பாவிடம் சொல்லத்தான் பயம். கேட்டுவிட்டு என் கழுத்தைப் பார்த்தார்.

"அப்ப டை?"

"லொறியில டை சரிவராது வாப்பா."

அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையைக் கடக்கும்போது அவர் குரல் வீதிவரை கேட்டது: "கொழும்பான் ஆலையைத்தான் கட்டினான். அத ஓட்டுறது எண்ட மகன்."

அதைத் திருத்த நான் உள்ளே போகவில்லை.